கேட்டுப் பார்க்காமல் ஸ்பீக்கர் வாங்கலாமா? கையில் 25 ஆயிரம், அறை 10-க்கு 12

காவேரிப்பட்டணத்தான்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மாங்கூழ் ஆலையில் கணக்கு வேலை. சீசன் வந்துவிட்டால் வீட்டில் பாட்டு கேட்பதெல்லாம் நடக்காது. இப்போது சீசன் முடிந்து கையில் கொஞ்சம் பணமும் ராத்திரியில் கொஞ்சம் நேரமும் இருக்கிறது. பழைய 5.1 செட்டில் சப் வூஃபர் போய்விட்டது, மீதியிருக்கும் தம்மாத்துண்டு பெட்டிகளில் நாகஸ்வரம் கேட்டால் ஊதல் மாதிரி இருக்கிறது. அதனால் ஒழுங்கான ஸ்டீரியோ ஜோடி ஒன்று வாங்கலாம் என்று முடிவு. ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) உட்பட மொத்தம் 25 ஆயிரம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

பிரச்சினை என்னவென்றால் கேட்டுப் பார்க்க இடமில்லை. கிருஷ்ணகிரியில் நான் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் சவுண்ட்பார், இல்லாவிட்டால் கலர் லைட் எரியும் பார்ட்டி ஸ்பீக்கர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்கே போனேன், போக மட்டும் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அங்கே ஒரு கடையில் லட்சத்துக்கு மேல் விலையுள்ள ஜோடியை அரை மணி நேரம் போட்டுக் காட்டினார்கள். என் பட்ஜெட்டைச் சொன்னதும், அது அட்டைப்பெட்டியில்தான் இருக்கிறது, பிரித்தால் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். காபி மட்டும் நன்றாக இருந்தது.

மூன்று பெயர் குறித்து வைத்திருக்கிறேன்: ஜேபிஎல் ஸ்டேஜ் ஏ130, வார்ஃப்டேல் டயமண்ட் 12.1, இல்லாவிட்டால் ஆம்ப் உள்ளேயே இருக்கும் எடிஃபையர் ஆர்1280டிபி. அறை மாடியில், 10 அடிக்கு 12 அடி, கான்கிரீட் தளம், தரையில் டைல்ஸ். ஒரு அடி ஆழத்துக்குச் சுவரில் ஷெல்ஃப் இருக்கிறது, அதில் வைக்கலாம் என்று நினைப்பு. கீழே அம்மா தூங்குவதால் ராத்திரி சத்தம் குறைவாகத்தான் வைப்பேன். பழைய சினிமாப் பாட்டு, கச்சேரி, நடுவில் டிவி. எதைப் பார்த்து முடிவு செய்வது?

ஓசூர் நைட் ஷிஃப்ட்:

நண்பரே, கேட்டுப் பார்க்க முடியவில்லையே என்று ரொம்ப வருத்தப்படாதீர்கள். கடையில் 10 நிமிடம் கேட்பதில் தெரியவருவது அந்தக் கடை அறையைப் பற்றித்தான். அங்கே தரைவிரிப்பு, சோஃபா, திரைச்சீலை, பெரிய கூடம். உங்களுக்கு டைல்ஸ். போதாததற்கு, இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடும்போது எது ஒரு டெசிபல் கூடப் பாடுகிறதோ அதுதான் நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும். விற்பவருக்கு இது தெரியும்.

ஃபிளாய்ட் டூல் என்பவர் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில், ஒட்டாவாவில், 1980-களில் இதையே ஆராய்ச்சியாகச் செய்தார். ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் மறைத்து, சத்தத்தைச் சமமாக்கி, பலரைக் கேட்க வைத்து மதிப்பெண் போடச் சொன்னார். பெயரும் விலையும் கண்ணில் படாதபோது பெரும்பாலானவர்களுக்குப் பிடித்தது ஏறக்குறைய ஒரே ரகம்: நேராகக் கேட்கையில் ஏற்ற இறக்கம் இல்லாமல் சமமாக இருப்பது, பக்கவாட்டில் போகும் ஒலியும் குண்டும் குழியுமாக இல்லாமல் சீராகக் குறைவது. பிறகு அவரும் ஷான் ஓலிவ் என்ற ஆராய்ச்சியாளரும் ஹார்மன் என்ற ஆடியோ கம்பெனியில் இதைத் தொடர்ந்தார்கள். (ஜேபிஎல்லும் ஹார்மனுடையதுதான், அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.) ஸ்பீக்கரைச் சுற்றி 10 டிகிரிக்கு ஒன்றாக மொத்தம் 70 அளவுகள் எடுத்து ஒரே படமாக்குவார்கள், ஸ்பினோரமா என்று பெயர். மாடல் பெயரோடு அந்தச் சொல்லைச் சேர்த்துத் தேடுங்கள், தனியாட்கள் அளந்து போட்ட படம் பல மாடல்களுக்குக் கிடைக்கும். மேல்கோடு (நேராகக் கேட்பது) ஓரளவு நேராக இருக்கிறதா, கீழே இருக்கும் கோடுகள் அதே வடிவத்தில் சரிகின்றனவா, அவ்வளவுதான் பார்க்க வேண்டியது. 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை மேடாக இருந்தால் நாகஸ்வரம் காதைக் குத்தும்.

அப்புறம் பெட்டிமேல் போடும் எண்கள். "40 ஹெர்ட்ஸ் முதல் 20,000 வரை" என்று மட்டும் போட்டு, எத்தனை டெசிபல் வித்தியாசத்துக்குள் என்று சொல்லாவிட்டால் அதற்கு மதிப்பே இல்லை. சென்சிட்டிவிட்டியிலும், அதாவது கொடுக்கும் கரண்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற எண்ணிலும், ஒரு சூட்சுமம் உண்டு. அதை 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டரில் அளப்பார்கள். 8 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கருக்கு அது ஒரு வாட். 6 ஓமுக்கு 1.33 வாட், 4 ஓமுக்கு 2 வாட் ஆகிவிடும். ஏ130 என்பது 6 ஓமில் 86 டெசிபல், டயமண்ட் 8 ஓமில் 88. காகிதத்தில் வித்தியாசம் இருக்கிறது, உங்கள் அறையில் அது ஒரு பொருட்டே இல்லை. இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், இரண்டு பெட்டிக்கும் தலா ஒரு வாட் கொடுத்தாலே 80 டெசிபலைத் தாண்டிவிடும். அம்மா எழுந்து மாடிக்கே வந்துவிடுவார்.

எனவே ஆம்ப் விஷயத்தில் வாட்டுக்கு மயங்க வேண்டாம். "300 வாட்" என்று எழுதிய சின்ன கிளாஸ் டி வகை ஆம்போடு 24 வோல்ட், 4.5 ஆம்பியர் அடாப்டர் வந்தால் பெருக்கிப் பாருங்கள், 108 வாட்தான். இல்லாத கரண்டை அது எங்கே போய்க் கொண்டுவரும்? 24 வோல்ட்டில் 8 ஓமுக்குச் சிதையாமல் கிடைப்பது சேனலுக்கு அதிகபட்சம் 36 வாட் பக்கம். உங்களுக்கு அதுவே தாராளம்.

ஒற்றை வரி:

இந்தக் காசுக்கு ஒரு நல்ல சவுண்ட்பார் வாங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாமே.

காவேரிப்பட்டணத்தான்:

பார்க்கலாம்தான். ஆனால் மூன்றடி நீளக் குச்சிக்குள் இடது பக்கம் வயலின், வலது பக்கம் மிருதங்கம் என்று பிரித்துக் கேட்க எனக்கு வரவில்லை. மாமா வீட்டில் ஒரு மாதம் கேட்டாயிற்று.

பழைய மைக்செட்:

தம்பி, நான் பென்னாகரம் பக்கம். 30 வருஷம் மைக் செட் வைத்திருந்தேன், இப்போது பையன் பார்க்கிறான். கோயில் திருவிழா, தெருக்கூத்து, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் பெட்டி தூக்கியிருக்கிறேன். ஓசூர் தம்பி சொன்ன கிராஃப் எல்லாம் சரியாகவே இருக்கட்டும், ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது அந்த ஷெல்ஃப். பெட்டி எங்கே உட்காரப்போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள், மாடலை அப்புறம் பார்க்கலாம்.

நீங்கள் சொன்ன முதல் இரண்டுக்கும் காற்றோட்டை (பேஸ் காற்று வெளியே வரும் துளை, போர்ட் என்பார்கள்) பின்பக்கம். ஒரு அடி ஷெல்ஃபுக்குள் திணித்தால் ஓட்டை சுவரை முட்டிக்கொண்டு நிற்கும், சுற்றிலும் கான்கிரீட், குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது மாதிரி இருக்கும் பேஸ். ஓட்டையில் சாக்ஸைச் சுருட்டி அடைத்தால் கொஞ்சம் அடங்கும், அதற்காகவா அவ்வளவு பணம்? ஷெல்ஃப்தான் இடம் என்றால் எடிஃபையரை எடுங்கள், அதற்கு ஓட்டை முன்பக்கம். பேஸ், ட்ரெபிள் திருகும் பெட்டியிலேயே இருக்கிறது, குறைத்துக்கொள்ளலாம். ஒன்று, திருகுகள் வலது பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும், கை போக இடம் விட்டு வையுங்கள். வூஃபர், அதாவது பேஸ் பாடும் பெரிய கூம்பு, 4 இன்ச்தான் என்பதும் ஞாபகம் இருக்கட்டும், தவில் அடி நெஞ்சில் விழாது.

ஷெல்ஃபை விட்டுத் தரையில் வைக்க மனசு வந்தால் ஸ்டாண்டுக்கு நாலாயிரம் ஐயாயிரம் அழ வேண்டாம். ஹாலோ பிளாக் கல் ஆறு வாங்குங்கள். 16-க்கு 8-க்கு 8 இன்ச் கல், படுக்க வைத்து மூன்று மூன்றாக அடுக்கினால் 24 இன்ச். மேலே கிரானைட் பலகை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கிரானைட்டுக்கு யோசிக்கலாமா, பாலிஷ் போடும் பட்டறையில் வெட்டி ஒதுக்கிய துண்டு கிடக்கும், 10-க்கு 10 இன்ச்சில் இரண்டு கேட்டால் டீக்காசுக்குக் கொடுப்பார்கள். கல்லுக்கும் பெட்டிக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி நாலு மூலையிலும் வையுங்கள், வழுக்காது, அதிராது. சோஃபாவில் உட்கார்ந்து கேட்பவருக்குத்தான் மூன்று கல். பாயில் சம்மணம் போட்டுக் கேட்பவர் என்றால் இரண்டே போதும், கீச்சு ஒலி பாடும் சின்ன ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும், அதுதான் கணக்கு. சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் வீடாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள்.

அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் "ட்ர்ர்ர்" என்று இழுத்தால் எந்தக் கம்பெனி ஸ்பீக்கர் வந்தாலும் பாட்டு வரி புரியாது. நல்ல கனமான ஜமுக்காளம் ஒன்றைப் பெட்டிக்கும் உங்களுக்கும் நடுவில் விரியுங்கள், பின்சுவரில் புத்தகம், துணி, மெத்தை எதையாவது நிறுத்துங்கள். முட்டை அட்டை ஒட்டச் சொல்வார்கள், ஒட்டாதீர்கள், பேஸ் அதைச் சட்டையே செய்யாது, கரப்பான்பூச்சிதான் குடியேறும்.

இன்னொன்று, நான் ஏமாந்த கதை. ரொம்ப வருஷம் முன்னால் அசெம்பிள் செட் ஒன்று வாங்கினேன், மூஞ்சியில் 2000 வாட் பிஎம்பிஓ என்று ஸ்டிக்கர், பிஎம்பிஓ என்பது கண் இமைக்கும் நேர உச்சத்தைக் காட்டி ஏமாற்றும் கணக்கு. தூக்கியபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், ஒரு கையில் வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே டிரான்ஸ்பார்மர் என் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. பெயர் சொல்ல மாட்டேன், அந்தக் கடையும் இப்போது இல்லை.

அரூர் டீச்சர்:

நான் போன வருடம் கேட்டுப் பார்க்காமல்தான் வாங்கினேன், ஆம்ப் உள்ளேயே இருக்கும் வகை. மாடல் பெயரைத் தவிர்க்கிறேன், ஏனென்றால் முதலில் வந்த ஜோடி சரியில்லை, ஒரு பக்கம் சத்தம் குறைவு. நான் தப்பித்தது அட்டைப்பெட்டியையும் தெர்மகோலையும் தூக்கிப் போடாததால்தான். எங்கே வாங்கினாலும் கோளாறு இருந்தால் மாற்றித் தருவது மட்டுமா, பிடிக்காவிட்டாலும் திரும்ப எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள், இதைப் பணம் கட்டும் முன்பே படியுங்கள். கேட்டுப் பார்க்காமல் வாங்குகிறவருக்கு அந்த நாட்கள்தான் டெமோ. பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். வாரண்டிக்கு எந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், அரூரிலிருந்து எனக்கு சேலம் சொன்னார்கள்.

டிவிக்கும் சேர்த்து என்றீர்களே, அதில் ஒரு நாள் முழுக்க நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். டிவியிலிருந்து ஆப்டிகல் ஒயர் போட்டால் சத்தமே வரவில்லை. கடைசியில் டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ என்பதை பிசிஎம் (சாதாரண ஸ்டீரியோ டிஜிட்டல்) என்று மாற்றியதும் பாடியது. ஸ்டீரியோ ஸ்பீக்கருக்கும் டிஜிட்டலை ஆம்புக்கு ஏற்ற ஒலியாக மாற்றும் சின்ன டேக்குக்கும் (DAC) டால்பி என்ற சினிமா ஒலி வடிவம் புரியாது, ஆட்டோவில் விட்டால் பல சமயம் மௌனம்தான்.

பின்பக்கக் காற்றோட்டை பற்றி மைக்செட் அண்ணன் சொல்லாத விஷயம்: பல்லி. என் தோழி வீட்டில் போர்ட்டுக்குள் முட்டை வைத்திருந்தது. பழைய கொசுவலைத் துண்டை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிறாள், சத்தத்தில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

காவேரிப்பட்டணத்தான்:

மைக்செட் அண்ணா, இப்போதே போய்க் கை தட்டிப் பார்த்தேன். இழுக்கிறது. நன்றாகவே இழுக்கிறது. ஷெல்ஃப் யோசனையைக் கைவிடுகிறேன், ஹாலோ பிளாக் நம் ஊரில் கிடைக்கும். டீச்சர், பல்லி விஷயத்துக்குத் தனி நன்றி.

இரண்டு சந்தேகம். சத்தம் குறைத்து வைத்தால் எந்த ஸ்பீக்கரிலும் பேஸ் காணாமல் போகிறது, அதற்காக 6.5 இன்ச் வூஃபர் இருக்கும் மாடலாகப் பார்க்க வேண்டுமா? அப்புறம், பெங்களூரில் வேலையை விட்டுப் போகிறவர்கள் விற்கும் பழைய செட் நிறைய கண்ணில் படுகிறது, அதில் இறங்கலாமா?

ஓசூர் நைட் ஷிஃப்ட்:

முதல் சந்தேகத்துக்கு: அது ஸ்பீக்கரின் குறை இல்லை, காது அப்படித்தான். சத்தம் குறையக் குறைய கீழ்ஸ்தாயி நமக்கு வேகமாக மங்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து கோடு போட்டுவிட்டார்கள். பழைய ஆம்ப்களில் லௌட்னஸ் என்று ஒரு பட்டன் இருக்குமே, அது இதற்காகத்தான். அதனால் பேஸ், ட்ரெபிள் திருகு இருக்கும் ஆம்ப் வாங்குங்கள், ராத்திரி பேஸைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொள்ளலாம்.

பெரிய வூஃபர் உங்கள் அறைக்கு வேண்டாம் என்பேன். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால், 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56. இந்த இரண்டு இடத்திலும் அறையே கூடச் சேர்ந்து பாடும், கான்கிரீட் சுவர் அதை வெளியே விடாது. பேஸ் கிதாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், அதற்கு மேலே வரும் நாலைந்து சுரம் அப்படியே இந்தக் குழியில் விழும், ஒரு சுரம் வீங்கும், அடுத்தது காணாமல் போகும். ஏ130-க்கு அவர்களே சொல்வது 55 ஹெர்ட்ஸ் வரைதான். வெளியில் இதைக் குறை என்பார்கள், 10-க்கு 12 அறையில் பாதித் தொல்லையை இதுவே குறைத்துவிடும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், அங்கேதான் வீக்கம் அதிகம்.

பின்சுவரிலிருந்து எவ்வளவு தள்ளுவது என்று கேட்பீர்கள். பெட்டி முகம் சுவரிலிருந்து 2 அடி என்றால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 140 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் தோண்டும், அந்த இடத்தில் சத்தம் மெலியும். முன்னே பின்னே நகர்த்தினால் பள்ளமும் நகரும், போகாது. அரை அடி அரை அடியாக நகர்த்தி, தெரிந்த ஆண் குரல் ஒன்றைப் போட்டு, எங்கே குரலுக்கு உடம்பு வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒரு சாயங்கால வேலை அது.

ஒயருக்குப் பணம் கொட்டாதீர்கள். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 1.5 ஸ்கொயர் செம்பு ஒயர், பக்கத்துக்கு 3 மீட்டர். போக வர மொத்தத் தடையும் 0.1 ஓமுக்குள்தான்.

பழைய மைக்செட்:

பழைய செட் பற்றி நான் சொல்கிறேன். இறங்கலாம், ஆனால் நேரில் போய். வூஃபரைச் சுற்றி இருக்கும் விளிம்பு ரப்பரா ஸ்பாஞ்சா என்று பாருங்கள், ஸ்பாஞ்ச் 10, 15 வருஷத்தில் விரல் பட்டால் உதிரும், ரப்பர் நிற்கும். இரண்டு கட்டைவிரலால் கோனைச் சமமாக மெல்ல அமுக்குங்கள், உள்ளே கரகர என்று உரசினால் கம்பிச்சுருள் (காயில்) போய்விட்டது, கிளம்பி வந்துவிடுங்கள். ஒன்றரை வோல்ட் பேட்டரியை முனையில் லேசாகத் தொட்டால் "டப்" என்று கோன் நகர வேண்டும். மீட்டர் இருந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 பக்கம் காட்டும், அது சரிதான், பயப்பட வேண்டாம். இதெல்லாம் செய்யத் தெரியாது, கூட வர ஆளும் இல்லை என்றால் புதுசே வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. 100 கிலோமீட்டர் போய் வருவதும் ஒரு செலவுதான்.

காவேரிப்பட்டணத்தான், இரண்டு வாரம் கழித்து:

ஏ130 வாங்கிவிட்டேன். டயமண்டுக்கும் நல்ல கோடுதான், அந்த வாரம் விலை எட்டவில்லை, வேறு காரணம் எதுவும் இல்லை. பேஸ், ட்ரெபிள் திருகு வைத்த சின்ன ஆம்ப், டிவிக்கு ஒரு டேக், ஒயர், கல், கிரானைட் எல்லாம் சேர்த்து பட்ஜெட்டில் 600 ரூபாய் மிச்சம்.

முதல் நாள் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. பேஸே இல்லை, குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி மிதக்கிறது. திருப்பி அனுப்பலாம் என்று பெட்டியைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு ஒயரைப் பார்த்தால் இடது பக்கம் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிச் சொருகியிருக்கிறேன். கணக்குப்பிள்ளை வேலை பார்த்து என்ன பிரயோஜனம். மாற்றியதும் பாடுகிறவர் நேராக வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

கல்லை மூன்று அடுக்கில் வைத்தேன், ஆனால் நான் கேட்பது பாயில்தான் என்று இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது, பக்கத்துக்கு ஒரு கல் எடுத்துவிட்டேன். பின்சுவரிலிருந்து ஒன்றரை அடியில் நிற்கிறது, இரண்டு அடியில் குரல் மெலிந்து போனது. ஜமுக்காளம் விரித்ததும் கைதட்டல் இழுப்பு பாதி குறைந்தது, மீதிப் பாதி மேலே தளத்திலிருந்து வருகிறது போல, அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ராத்திரி 10 மணிக்கு மேல் பேஸ் திருகைக் கடிகாரத்தில் மூன்று மணி இருக்கும் பக்கம் திருப்பி வைத்துக் கேட்கிறேன். கீழே சத்தம் வரவில்லை என்று அம்மா சொல்லிவிட்டார். அவருடைய ஒரே கேள்வி, வீடு கட்டி 12 வருஷம் ஆகிறது, இப்போது எதற்கு மாடிக்கு ஹாலோ பிளாக் ஏற்றுகிறாய் என்பதுதான்.

எடுத்த இரண்டு கல் படிக்கட்டில் கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் காவேரிப்பட்டணம் வந்து எடுத்துக்கொள்ளலாம்.